ஊரைவிடப் பெரிய கப்பல்: ஆர்க்டிக் சிறு துறைமுகங்களுக்குப் போவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வடதுருவப் பக்கம் கப்பலில் போய்வர ஆசைப்படுவோர் வருடா வருடம் கூடிக்கொண்டே இருக்கிறார்கள். பனிக்கரடியைப் பற்றிக் கேட்கிறார்கள், குளிரைப் பற்றிக் கேட்கிறார்கள், கேபின் விலையைக் கேட்கிறார்கள். கப்பல் போய் நிற்கிற ஊரைப் பற்றிக் கேட்பவர்கள்தான் குறைவு. கீழே வருபவை பெரும்பாலும் அந்த ஊர்களைப் பற்றியவை.

சிறு துறைமுகம் என்றால் எவ்வளவு சிறியது?

நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் தலைமை ஊரான லாங்இயர்பியனில் ஏறத்தாழ 2,500 பேர். ஐஸ்லாந்தின் வடமேற்கு மூலையில் உள்ள ஈசஃப்யோர்துரில் மூவாயிரத்துக்கும் குறைவு. நார்வேயின் வடமுனைக்குப் பக்கத்தில் இருக்கும் ஹொன்னிங்ஸ்வோக் இரண்டாயிரத்துச் சொச்சம். கனடாவின் பாஃபின் தீவில் உள்ள பாண்ட் இன்லெட்டை அங்குள்ள பூர்வகுடிகளான இனூயிட் மக்கள் மிட்டிமடாலிக் என்கிறார்கள். 2021 கணக்கெடுப்பின்படி அங்கே 1,555 பேர். கிரீன்லாந்தின் கிழக்குக் கரையில் இட்டோகோர்டூர்மிட் என்றொரு ஊர். அங்கே மொத்தமே 350 பேர் அளவில்தான்.

பெரிய கப்பல் ஒன்றில் பயணிகள் மட்டும் மூவாயிரம் பேர் வருவார்கள். மீதியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சில மணி நேரம் வந்து போவதில் அப்படி என்ன பிரச்சினை?

பாண்ட் இன்லெட்டை எடுத்துக்கொள்வோம். நிலத்துக்கு அடியில் எப்போதும் உறைந்த மண். அதனால் நகரங்களில் இருப்பதுபோல் குழாய் பதித்துத் தண்ணீர் விட முடியாது. லாரி வந்து வீட்டுத் தொட்டியை நிரப்பிவிட்டுப் போகும், இன்னொரு லாரி கழிவுத் தொட்டியைக் காலி செய்யும். ஊரின் நாள் முழுக்க அந்த இரண்டு லாரிகளின் சுற்றில்தான் ஓடுகிறது. இருநூறு பேர் கரையிறங்கியதும் முதலில் கேட்பது கழிப்பறை எங்கே என்று. அங்கே ஒருமுறை தண்ணீர் விட்டால், அது லாரியில் வந்து லாரியில் போகிற தண்ணீர்.

கடை விஷயமும் அப்படித்தான். கோடையில் கடல் திறந்திருக்கும் சில வாரங்களில் சரக்குக் கப்பல்கள் வந்து ஒரு வருடத்துக்கான கெடாத சாமானை இறக்கிவிட்டுப் போகும். மற்றதெல்லாம் விமானத்தில் வர வேண்டும், அதன் விலையும் விமானத்தில்தான் பறக்கும். பயணிகள் பொழுதுபோக்காகக் கடைக்குள் புகுந்து பழத்தையும் பாலையும் வாங்கிக்கொண்டு போனால், மாலையில் பிள்ளைக்குப் பால் வாங்க வருகிறவர் காலி அலமாரியைப் பார்ப்பார். கப்பலில் மூன்று வேளையும் விருந்து நடக்கிறது. கடையிலிருந்து அவர்களுக்குத் தேவையானது ஒன்றுமே இல்லை.

மருத்துவமனை விஷயமும் இருக்கிறது. லாங்இயர்பியனில் உள்ளது சின்ன மருத்துவமனை. ஊர்ப் பெண்களே பிரசவத்துக்குச் சில வாரம் முன்னதாக நார்வேப் பெருநிலத்துக்குப் போய்விடுவார்கள். கப்பலில் வருகிறவர்களிலோ வயதானவர்கள் நிறைய. ஒரு நெஞ்சுவலி, ஓர் இடுப்பு எலும்பு முறிவு போதும், ஊரின் மருத்துவ வசதி முழுவதும் அந்த ஒருவருக்கே போய்விடும்.

ஊருக்கு வருமானம் வருகிறதே, அது போதாதா?

வருகிறது, மறுக்க முடியாது. லாங்இயர்பியன் நிலக்கரிக்காகப் பிறந்த ஊர். அதன் கடைசி நார்வேச் சுரங்கமான ஏழாம் எண் சுரங்கம் 2025இல் மூடப்பட்டது. சுரங்கம் போனபின் சுற்றுலாவையும் வேண்டாம் என்று சொல்ல அந்த ஊரால் முடியாது. ஈசஃப்யோர்துரில் துறைமுகக் கட்டணம் ஊராட்சிக்கு நல்ல வரவு.

ஆனால் கப்பல் பயணி செலவழிக்கிற விதமே வேறு. தூக்கம் கப்பலில், சாப்பாடு கப்பலில், சுற்றிப்பார்க்கும் பயணத்தைக்கூடக் கப்பலிலேயே பதிவு செய்துவிடுகிறார். ஹொன்னிங்ஸ்வோக்கில் இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் துறையிலேயே பேருந்தில் ஏறி, 34 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வடமுனைப் பாறைக்குப் போய்ப் படமெடுத்துக்கொண்டு நேரே கப்பலுக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஊருக்கு மிஞ்சுவது பேருந்துப் புகை.

கட்டணம் வசூலிப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஸ்வால்பார்டுக்கு வருகிற ஒவ்வொருவரின் பயணச்சீட்டிலும் 150 நார்வே குரோனர் சுற்றுச்சூழல் கட்டணமாகச் சேர்ந்திருக்கும். அது தனி நிதியத்துக்குப் போய், கரையில் ஒதுங்கிய குப்பையை அள்ளுவது, பழைய வேட்டைக் குடிசைகளைப் பழுதுபார்ப்பது என்று அந்தத் தீவுகளிலேயே செலவாகிறது. ஐஸ்லாந்து 2025 தொடக்கத்தில் சர்வதேசப் பயணக் கப்பல்களில் வருவோருக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,500 குரோனா என்று உள்கட்டமைப்புக் கட்டணம் போட்டது. அந்தப் பணம் அரசுக் கருவூலத்துக்குப் போகிறது. கப்பல்கள் வரவைக் குறைத்துக்கொண்டால் இழப்பு ஈசஃப்யோர்துர் போன்ற சின்னத் துறைமுகங்களுக்கு, வசூல் தலைநகர் ரெய்க்யவிக்குக்கு என்று அந்த ஊர்க்காரர்கள் சலித்துக்கொண்டார்கள். நியாயமான சலிப்பு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வரி போடுவது சரிதான். அது வசூலான கரைக்குத் திரும்ப வர வேண்டாமா?

ஸ்வால்பார்டில் இனி 200 பேருக்கு மேல் போக முடியாதாமே?

பாதி சரி. 2025 ஜனவரி 1 முதல், பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் வரும் கப்பலில் 200 பயணிகளுக்கு மேல் இருக்கக் கூடாது. அந்தப் பகுதிகளில் கரையிறங்குவதற்கும் 43 இடங்களை மட்டும் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். தீவுகளின் நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இப்படிப் பாதுகாக்கப்பட்ட பகுதிதான், கடலில் அதைவிட அதிகம். பனிக்கரடியிடமிருந்து குறைந்தது 300 மீட்டர் விலகி நிற்க வேண்டும். மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை அது 500 மீட்டர்.

லாங்இயர்பியன் பாதுகாக்கப்பட்ட பகுதியில் இல்லை. அதனால் மூவாயிரம் பேர் வரும் கப்பல் இன்றைக்கும் அங்கே வரலாம். பாதுகாக்கப்பட்ட பகுதியை மூடினால் பெரிய கப்பல்களுக்குப் போக்கிடம் ஊர் மட்டும்தான். கரடிக்கு 500 மீட்டர் இடைவெளி கிடைத்துவிட்டது. மூவாயிரம் பேர் நடக்கிற தெருவை ஒட்டி வீடு இருப்பவருக்கு யார் அளந்து கொடுப்பது? விதி தவறென்று சொல்லவில்லை. பறவைக் கூட்டுக்கும் வால்ரஸ் கரைக்கும் அது அவசியம். ஊருக்கும் அதேபோல் ஓர் எண் வேண்டும் என்பதுதான் விஷயம்.

அப்படியானால் சிறிய கப்பலில் போவதுதான் நல்லதா?

ஊருக்கு நல்லது. நூறு பேர் வந்தால் வழிகாட்டி பெயர் சொல்லிப் பேசலாம், சபைக் கூடத்தில் எல்லோரும் உட்கார இடம் இருக்கும். ஆனால் ஆளுக்கு எவ்வளவு எரிபொருள் என்று பார்த்தால் சிறிய கப்பல் பெரும்பாலும் கூடுதலாகவே எரிக்கும். அதோடு, பெரிய கப்பல் எட்டிப் பார்க்காத வளைகுடாக்களுக்கெல்லாம் அது நுழையும். ஊர், காற்று, காட்டு விலங்கு மூன்றுக்கும் ஒருசேர நல்லதாக ஒரு கப்பல் இன்னும் வரவில்லை. எதற்கு முன்னுரிமை என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். நான் ஊர்ப் பக்கம்.

கன எரிஎண்ணெயைத் தடை செய்துவிட்டார்களா?

நம் ஊர் ஆலைகளில் ஃபர்னஸ் ஆயில் என்பார்களே, அந்த வகைக் கருப்புக் கூழ்தான் இது. குளிர்ந்த கடலில் கொட்டினால் லேசில் சிதையாது, பனிக்கட்டிக்கு இடையில் சிக்கிக்கொள்ளும். எரித்தால் வரும் கரி பனிமேல் படிந்து, வெயிலை இழுத்துப் பனியை இன்னும் வேகமாக உருக்கும்.

சர்வதேசக் கடல்சார் அமைப்பின் தடை 2024 ஜூலை 1 அன்று ஆர்க்டிக் கடலில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் எரிபொருள் தொட்டிக்கு இரட்டைச் சுவர் உள்ள கப்பல்களுக்கு 2029 ஜூலை வரை விலக்கு உண்டு. கரையோர நாடுகளும் தங்கள் கொடி பறக்கும் கப்பல்களுக்கு விலக்குக் கொடுக்கலாம். ஊர்களுக்குச் சாமான் கொண்டுவரும் கப்பல்களுக்குக் கனடா அப்படி விலக்களித்தது. எண்ணெய்ச் செலவு ஏறினால் பால் விலை ஏறும் என்பதே காரணம். இதில் நார்வே கறார்: ஸ்வால்பார்டைச் சுற்றியுள்ள கடற்பரப்பில் 2022 ஜனவரி முதலே முழுத் தடை.

துறைமுகத்தில் கரை மின்சாரம் கொடுத்தால் புகை நின்றுவிடுமே?

மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். லாங்இயர்பியனின் நிலக்கரி மின்நிலையம் 2023 அக்டோபரில் நிறுத்தப்பட்டு, இப்போது டீசலில் ஓடுகிறது. கப்பலின் டீசல் எஞ்சினை அணைத்துவிட்டு ஊரின் டீசல் எஞ்சினை ஓட்டுவதில் லாபம் என்ன? பெரிய கப்பல் ஒன்று நின்ற இடத்தில் இழுக்கும் மின்சாரம் இப்படியோர் ஊரின் மொத்தத் தேவையையே மிஞ்சிவிடக் கூடியது. நீர்மின்சாரம் நிறைந்த நார்வேப் பெருநிலத் துறைமுகங்களில் இந்த யோசனை அருமையாகப் பொருந்தும். எல்லா ஊருக்கும் அதையே மருந்தாகச் சொல்ல முடியாது.

"பசுமைக் கப்பல்", "ஹைப்ரிட் கப்பல்" என்று விளம்பரம் செய்கிறார்களே?

மின்கலம் உள்ள கப்பல் சிறிது நேரம் சத்தமில்லாமல் போகும், அது நல்லதுதான். திரவ இயற்கை வாயுவில் ஓடுவதில் கரி குறைவு, ஆனால் எஞ்சினில் எரியாமல் நழுவும், புவியைச் சூடாக்கும் மீத்தேன் இருக்கிறது. நீங்கள் விமானம் ஏறித்தான் கப்பலுக்கே போகிறீர்கள், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: 2017இல் அமலுக்கு வந்த துருவக் கடல் விதித்தொகுப்பு கழிப்பறைக் கழிவுக்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. சமையலறை, குளியலறை, சலவைத் தண்ணீரை அது தொடவே இல்லை.

விபத்து நடந்தால் யார் வருவார்கள்?

பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள்தான். 1989 ஜூனில் மாக்சிம் கோர்க்கி என்ற சோவியத் பயணக் கப்பல் ஸ்வால்பார்டுக்கு மேற்கே பனியில் மோதியது. கப்பலில் ஏறக்குறைய 950 பேர். பலர் மீட்புப் படகுகளிலும், சிலர் மிதக்கும் பனிக்கட்டிகளின் மேலுமாகக் காத்திருந்தார்கள். நார்வேக் கடலோரக் காவல் கப்பல் ஸென்யா போய்ச் சேர்ந்தது, ஓர் உயிர்கூடப் போகவில்லை. அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும், கடல் அன்றைக்கு அமைதியாக இருந்தது.

2010இல் கனடாவின் கொரனேஷன் வளைகுடாவில் கிளிப்பர் அட்வென்ச்சரர் பாறையில் ஏறி நின்றது. அந்தப் பாறையைப் பற்றிக் கப்பல்களுக்கு ஏற்கெனவே எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள், கப்பலில் இருந்த வரைபடத்தில்தான் அது குறிக்கப்படவில்லை. 2023 செப்டம்பரில் ஓஷன் எக்ஸ்ப்ளோரர் 206 பேருடன் வடகிழக்கு கிரீன்லாந்தில் தரைதட்டி, மூன்று நாள் கழித்து ஒரு மீன்வள ஆய்வுக் கப்பல் இழுத்த பிறகுதான் விடுபட்டது. ஆர்க்டிக் கடலடியில் பெரும்பகுதி இன்றைய தரத்தில் அளக்கப்படவே இல்லை. சிறிய ஊர் ஒன்றில் திடீரென்று ஆயிரம் பேர் நனைந்த துணியோடு வந்து இறங்கினால் எங்கே படுக்க வைப்பார்கள்? பள்ளிக்கூடத்தில்தான். வேறு இடம் இல்லை.

ஒரு கப்பல் வரும் நாள் பாண்ட் இன்லெட்டில் எப்படி இருக்கும்?

பெரிய கப்பல் அணையும் துறை அங்கே கிடையாது. கப்பல் தள்ளி நங்கூரம் போடும், சோடியாக் என்ற ரப்பர் படகுகளில் பத்துப் பேர் பத்துப் பேராகக் கரைக்கு வருவார்கள். எதிரே கடலுக்கு அப்பால் பைலாட் தீவின் பனிமலைகள். ஊர் வழிகாட்டிகள் கூட்டத்தைப் பிரித்து அழைத்துப் போவார்கள். ஒரு கூட்டம் ஊருக்குள் நடக்கும், ஒரு கூட்டம் நட்டினாக் என்ற பார்வையாளர் மையத்துக்குப் போகும். அப்புறம் சபைக் கூடத்தில் நிகழ்ச்சி: தொண்டைப்பாட்டு, முரசு, ஒற்றைக் காலில் எம்பி உயரத்தில் தொங்கும் குறியை உதைக்கும் இனூயிட் விளையாட்டு. தொண்டைப்பாட்டில் இரண்டு பெண்கள் முகத்துக்கு முகம் நின்று, ஒருவர் மூச்சை மற்றவர் எதிரொலித்துப் பாடுவார்கள். முதலில் சிரித்தவர் தோற்றார். சிரித்துவிட்டால் கூடமே சேர்ந்து சிரிக்கும்.

இந்த நிகழ்ச்சிக்குக் கப்பல் ஊருக்குப் பணம் கட்டுகிறது. எனக்குப் பிடித்த ஏற்பாடு இதுதான். பயணி ஏதாவது வாங்குவாரா என்று வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். விலை முன்கூட்டியே பேசியாயிற்று, விலை சொல்வது ஊர்.

2016இல் கிரிஸ்டல் செரினிட்டி என்ற பயணக் கப்பல் ஆயிரம் பேரோடு, கனடாவின் வடக்குத் தீவுகளுக்கு ஊடாகப் போகும் வடமேற்குக் கடல்வழியைக் கடந்து இங்கேயும் வந்தது. வழியில் நானூறு பேர் வாழும் உலுக்ஹாக்டாக்கிலும் நின்றது. மாதக்கணக்கில் முன்னதாகவே ஊர்களோடு பேசி, ஆட்களைச் சிறு கூட்டங்களாகப் பிரித்து இறக்கினார்கள். முன்னேற்பாடு இருந்தால் முடியும் என்பதற்கு அது சாட்சி. அதே வேளை, வாரம் ஒன்று வந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியையும் அதுதான் கிளப்பியது.

ஒரு விஷயத்தில் நியாயம் பேச வேண்டும். நார்வால் திமிங்கிலங்கள் கப்பல் சத்தத்தில் விலகிப் போகின்றன என்று பாண்ட் இன்லெட் வேட்டைக்காரர்கள் சொல்வது பயணக் கப்பல்களை மட்டும் அல்ல. பக்கத்து மில்ன் இன்லெட்டிலிருந்து இரும்புத் தாது ஏற்றிப் போகும் பெரிய கப்பல்களும் கோடை முழுவதும் அதே வழியில்தான் போகின்றன.

அங்கே வேட்டையாடிய விலங்கைக் கரையில் அறுத்துக்கொண்டிருந்தால்?

பார்க்கலாம், கேட்கலாம், பிடிக்கவில்லை என்றால் நகர்ந்து போகலாம். முகம் சுளிக்க வேண்டாம். கப்பல் பயணிகள் இதைப் பார்த்து அதிர்ச்சியடைந்து சண்டை பிடிப்பது அங்கே பழைய கதை. அது அவர்கள் வீட்டு அரிசி. நார்வாலின் தோலும் கொழுப்பும் சேர்ந்த மக்டுக் ஒரு துண்டு கொடுத்தால் வாயில் போட்டுப் பாருங்கள்; நிறைய மெல்ல வேண்டியிருக்கும்.

நினைவுப் பொருள் எது வாங்கலாம்?

செதுக்கு சிற்பம், அச்சுப்படம், கஸ்தூரி எருதின் மென்மயிரில் பின்னிய தொப்பி என்று நல்ல பொருள்கள் உண்டு. செய்தவர் கையிலிருந்தே வாங்கினால் இன்னும் நல்லது. கப்பலுக்குள்ளே இருக்கும் கடையில் வாங்கினால் ஊருக்கு என்ன வருகிறது என்று கேளுங்கள்.

சீல் தோல் கையுறையில் மட்டும் ஒரு சிக்கல். 1972ஆம் ஆண்டின் கடல் பாலூட்டிப் பாதுகாப்புச் சட்டத்தால் அமெரிக்காவுக்குள் அதைக் கொண்டுபோக முடியாது. ஐரோப்பிய ஒன்றியமும் 2009இல் சீல் பொருள்களுக்குத் தடை போட்டு, இனூயிட் போன்ற பூர்வகுடி மக்களுக்கு விலக்கு வைத்தது. விலக்கு காகிதத்தில் இருந்தாலும் சந்தை படுத்துவிட்டது. ஊரிலேயே நன்றாகத் தைத்த, சூடான, நீடித்து உழைக்கும் பொருள் இதுதான். கப்பலில் வரும் அமெரிக்கர் ஆசையாய்த் தடவிப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார். நார்வால் தந்தம் வாங்கினால், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸின் அனுமதிச் சீட்டு தேவை. உங்கள் நாட்டு விதியைக் கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள்.

படம் எடுக்கலாமா? நாய்களைத் தடவலாமா?

மலையைத் தாராளமாக எடுங்கள். ஆளை எடுக்க வேண்டுமானால் கேட்டுவிட்டு எடுங்கள். குழந்தைகள் விளையாடும் இடத்தில் கேமராவை இறக்கிவிடுங்கள், வீட்டுச் சன்னலுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். இதையெல்லாம் எழுதி வைக்க வேண்டியிருக்கிறதே என்று தோன்றும். 2003இல் தொடங்கிய ஆர்க்டிக் பயணக் கப்பல் நடத்துவோர் சங்கமான ஏஈகோ, ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து ஊருக்கொரு நடத்தைக் குறிப்பே தயாரித்திருக்கிறது.

சங்கிலியில் கிடக்கும் ஸ்லெட்ஜ் நாய் வேலைக்காரன், செல்லப்பிராணி இல்லை. கிட்டப் போகாதீர்கள்.

பாதையை விட்டு விலகாதீர்கள். ஜூன், ஜூலையில் ஆர்க்டிக் ஆலா என்ற கடற்பறவைகள் தரையிலேயே முட்டையிட்டிருக்கும். கிட்டப் போனால் நேரே உச்சந்தலையில் கொத்தும். கையையோ குச்சியையோ தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தால் உயரமாயிருப்பதைத்தான் கொத்தும். அனுபவசாலிகளின் உபாயம் இது.

நீ-ஓலசுன்னில் கைபேசியை அணைக்கச் சொல்கிறார்களே, ஏன்?

ஸ்வால்பார்டில் இருக்கும் ஆய்வாளர் குடியிருப்பு அது. நுண்ணிய வானொலி அலைகளை அளக்கும் கருவிகள் இருப்பதால், சுற்றி 20 கிலோமீட்டருக்கு வைஃபை, புளூடூத் கூடாது. இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையமும் 2008 முதல் அங்கேதான் இருக்கிறது. வெளியிலிருந்து பார்க்கலாம். கதவைத் தட்டி "நம்ம ஊர்க்காரர் யாராவது இருக்கிறீர்களா" என்று கேட்காதீர்கள், வேலை நடக்கிற இடம்.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டில் போக விசா வேண்டுமா?

1920ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஸ்வால்பார்டுக்கென்று விசா கிடையாது. ஆனால் அது ஐரோப்பிய நாடுகளின் பொது விசாப் பகுதியான ஷெங்கன் எல்லைக்கு வெளியே. ஒஸ்லோ வழியாகப் போனால் ஷெங்கனுக்குள் நுழைந்து, வெளியேறி, திரும்ப நுழைகிறீர்கள். ஒருமுறை மட்டும் நுழையும் விசா போதாது, இரண்டு முறை நுழையும் விசா கேளுங்கள். இதில் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு.

அந்தப் பக்கம் தமிழர்கள் யாராவது இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். நார்வேயின் வடகோடியான ஃபின்மார்க் கரையோர ஊர்களில் மீன் பதனிடும் ஆலைகளுக்கு 1980களிலிருந்தே ஈழத்தமிழர்கள் வேலைக்கு வந்தார்கள். பலர் பிறகு ஒஸ்லோ பக்கம் நகர்ந்துவிட்டார்கள். பயணக் கப்பல்கள் இப்போது வந்து நிற்கும் கரையில், சுற்றுலா பெருகுவதற்கு முன்பே மீன் வெட்டிக் குடும்பம் நடத்தியவர்கள் அவர்கள்.

பதிவு செய்யும் முன் கப்பல் நிறுவனத்திடம் என்ன கேட்பது?

எத்தனை பயணிகள், எந்த எண்ணெய் என்பதைச் சிற்றேட்டிலேயே போட்டிருப்பார்கள். அதில் இல்லாததைக் கேளுங்கள். எங்கள் கப்பல் நிற்கும் நாளில் அந்தத் துறையில் வேறு கப்பல் இருக்கிறதா? ஊரோடு பேசி ஒப்புக்கொண்டுதான் வருகிறீர்களா? ஊர் வழிகாட்டிகள் உண்டா, கப்பலிலிருந்தே கூட்டிவருகிறீர்களா? எத்தனை மணி நேரம் கரையில்? கடைசிக் கேள்விக்கு "இரண்டு மணி நேரம்" என்று பதில் வந்தால், வேறு கப்பல் பாருங்கள். இரண்டு மணி நேரத்தில் ரப்பர் படகுக்கு வரிசையில் நிற்பதும், காலணியைக் கழுவி ஏறுவதும்தான் நடக்கும்.